நான்-டீடெயிலில் இல்லாத கெசியா

விழுப்புரத்தில் எங்கள் வாசகர் மன்றத்தில் அந்த ஆங்கில நாவலைப் பற்றி இருபத்தேழு பேருக்குக் கருத்து இருந்தது. இருபத்தேழு பேரும் படித்தவர்கள்தான். ஆனால் அந்த நாவலைப் படித்தவர் அதில் ஒருவர்கூட இல்லை. அதைப் படித்தவர் இருபத்தெட்டாவது ஆள். பெயர் இருதயமேரி. திண்டிவனத்தில் ஒரு மிஷன் பள்ளியில் ஹையர் கிரேடு டீச்சர், அதாவது எட்டாம் வகுப்பும் ட்ரெயினிங்கும் முடித்தவர். அந்த இருபத்தேழு பேரில் நானும் ஒருவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் மற்றவர்களை நான் திட்டும்போது, பெரிய யோக்கியன் போலப் பேசுகிறானே என்று யாரும் நினைக்கக் கூடாது.

என் பெயர் துரைக்கண்ணு. விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் கிளார்க். மன்றத்துக்கு நான் செயலாளர். ஓர் அரிசி மண்டியின் மாடியில் இரண்டு அலமாரியும் ஒரு மேஜையும் போட்டு மாதத்தின் முதல் ஞாயிறு கூட்டம் நடத்துவோம். புத்தகம் கொடுப்பது, வாங்குவது, கூட்டக் குறிப்பு எழுதுவது எல்லாம் என் வேலை.

நாவலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், 'ஓ, அதுவா, எனக்குத் தெரியுமே' என்று நூறு பேர் கிளம்பிவிடுவார்கள். விக்டோரியா ராணி காலத்து நாவல். தாய் தகப்பன் இல்லாத ஒரு பையன் ஒரு பெரிய வீட்டில் ஒண்டி வளர்ந்து, படித்து, பட்டணம் போய், பெரிய மனிதனாகிற கதை. எண்ணூற்று நாற்பது பக்கம். இதையே தொண்ணூற்றாறு பக்கமாகச் சுருக்கி எங்கள் காலத்தில் எஸ்.எஸ்.எல்.சி.க்கு நான்-டீடெயிலாக, அதாவது துணைப்பாடமாக, வைத்திருந்தார்கள். அந்தத் தொண்ணூற்றாறையும் நாங்கள் முழுதாகப் படிக்கவில்லை. நோட்ஸ் வாங்கி, கேள்வி பதிலை உருப்போட்டு, பாஸ் செய்தோம். அதோடு அந்த நாவல் எங்களுக்குச் சொந்தமாகிவிட்டது.

மன்றத்தில் இருந்த முழு நாவலைக் கொடுத்தவர் எங்கள் தலைவர், வக்கீல் வெங்கடாசலம். சீமையில் அச்சானது, தடித்த பச்சை அட்டை. 'காலேஜ் நாளில் இதே புத்தகத்தை மூன்று தடவை படித்தேன்' என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். அது அலமாரியில் மேல்தட்டில் இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவோம். யாரும் எடுத்துப்போகக் கேட்டதில்லை.

ஐம்பத்தாறாம் வருஷம் கடைசியில் இருதயமேரி கேட்டார்.

அவர் கிளியனூர்க்காரர். அப்பா பாண்டிச்சேரி ரோட்டில் வண்டி ஓட்டியவர். கன்னியாஸ்திரீகளிடம் படித்ததால் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும், பைபிள் கதை வாசிக்கத் தெரியும். அதற்கு மேல் சொந்த முயற்சி. தன் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு இங்கிலீஷ் அவர்தான் எடுத்தார். அதில் அவருக்குத் தனிப் பெருமை உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாசஞ்சரைப் பிடித்து விழுப்புரம் வருவார். அன்றைக்குச் சமையல் அவர் புருஷன் ராயப்பன். லாரி மெக்கானிக். ஞாயிறு தோறும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு புருஷன் மீன் குழம்பு வைக்கிற வீடு திண்டிவனத்தில் அது ஒன்றுதான் என்று எங்கள் மன்றத்தில் கேலி பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன்.

புத்தகம் வாங்கிப்போன இரண்டாவது வாரம், ஒரு வேலை நாளில், பார்சல் ஆபீஸுக்கே வந்துவிட்டார். துணிப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கவுண்டர்மேல் வைத்தார்.

"சார், முப்பத்திரண்டாம் பக்கத்துக்கு மேல தாளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துக்கினு இருக்குது. வெட்டலாமா?"

பார்த்தேன். பழைய சீமைப் புத்தகங்களில் தாளை மடித்தபடியே தைத்துவிடுவார்கள். படிக்கிறவன் கத்தியால் ஓரத்தை வெட்டிக்கொண்டே போக வேண்டும். முப்பத்திரண்டு பக்கம் வரை வெட்டியிருந்தது. மீதி எண்ணூறு பக்கமும் அச்சாபீஸிலிருந்து வந்தபடியே மூடிக்கிடந்தது. விரலை உள்ளே விட்டு எட்டிப் பார்த்தால்கூட நாலு வரிக்கு மேல் தெரியாது.

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. மூன்று தடவை படித்தாராம், இதே புத்தகத்தை!

"வெட்டிக்கோங்க டீச்சரம்மா," என்றேன். சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"தலைவர் கோச்சிக்க மாட்டாருங்களே?"

"நான் பாத்துக்கறேன், போங்க."

பதினான்கு மாதம் அந்தப் புத்தகம் அவரிடம் இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது மன்றத்தின் விதி. முப்பத்தொரு தடவை புதுப்பித்தார். முப்பத்தொரு கையெழுத்தும் என்னுடையது. மூங்கில் அடிக்கோலைச் சீவிக் கூராக்கி அதால்தான் பக்கங்களை வெட்டினாராம். கத்தி போட்டால் தாள் பிசிறும் என்று பயம். பள்ளியில் பிள்ளைகள் மத்தியானச் சாப்பாடு சாப்பிடும் நேரத்தில் மூன்று பக்கம். அதற்கு மேல் ஒரு நாளும் முடியாது. தெரியாத வார்த்தைகளைப் பழைய அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் தாளில் எழுதி, பக்கத்தில் தமிழில் அர்த்தம். அவர் போட்ட பாடு எனக்குத் தெரியும். இது எல்லாம் தெரிந்தும்தான், பின்னால் சொல்லப்போகும் காரியத்தை நான் செய்தேன்.

ஐம்பத்தெட்டு பிப்ரவரிக் கூட்டம். தலைப்பு, 'அந்நாவலின் கதாநாயகன் போற்றத்தக்கவனா?' தலைவர் வைத்த தலைப்பு. பதில் அவரிடம் தயாராக இருந்தது. எல்லோரிடமும் இருந்தது. நான்-டீடெயிலின் கடைசிப் பக்கத்திலேயே அந்தக் கேள்வி உண்டு, பத்து மார்க்.

என்ன கருத்துகள்! தாலுகா ஆபீஸ் சக்கரபாணி எழுந்து ஆசிரியரின் ஆங்கில நடை தேனாறு என்றார். அவர் ருசித்தது நோட்ஸ் போட்டவனின் நடையை. இன்னொருவர் நாவல் ரொம்ப நீளம், தேவையில்லாத வளவளப்பு என்றார். நீளம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அலமாரியில் தடிமனைப் பார்த்திருக்கிறார். மற்றொருவர் வெள்ளைக்காரன் பிள்ளை வளர்ந்தால் நமக்கென்ன என்று கேட்டுவிட்டு அரை மணி நேரம் பேசினார். கடைசியில் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். உழைப்பால் உயர்ந்த உத்தமன், நம் இளைஞர்களுக்கு வழிகாட்டி. கைதட்டல்.

இருதயமேரி எழுந்தார். கையில் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் தாள் மட்டும்தான். கனமான புத்தகத்தை அன்று வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"மன்னிக்கணுங்க. அந்தப் பையன் நல்லவன் இல்லீங்க. வீட்டு எஜமானோட வெள்ளி ஸ்பூனை அவன்தான் எடுத்து ஒளிச்சு வெச்சான். பழி கெசியா மேல விழுந்துச்சு. அவளை வீட்டை விட்டுத் தொரத்தறப்ப அவன் பக்கத்துல நின்னுக்கினு இருந்தான். வாயத் தொறக்கல. பெரிய மனுசன் ஆனப்பறமும் தொறக்கல. அவனை எப்படிங்க போற்றுறது?"

"எந்தக் கெசியா?" என்றார் தலைவர்.

"அடுப்படியில வேலை செய்யிற பொண்ணுங்க. அவனுக்கு மூணு வயசு மூத்தவ."

நான்-டீடெயிலில் ஸ்பூன் உண்டு. 'ஒரு வெள்ளி ஸ்பூன் காணாமற் போயிற்று. பின்னர் கிடைத்தது' என்று ஒரே வரி. கெசியா கிடையாது. சுருக்கியவர் அவளை வேரோடு பிடுங்கிவிட்டார். கதாநாயகனைச் சுத்தமாகத் துடைத்து மாணவர்கள் கையில் கொடுப்பதற்கு அதுதான் வசதி.

"இந்தப் புத்தகத்துல அப்படி ஒரு பாத்திரமே இல்லியேம்மா," என்றார் தலைவர், கோர்ட்டில் சாட்சியை மடக்குகிற குரலில். "வேற ஏதாவது கதையோட போட்டுக் குழப்பிக்கினு இருக்கீங்க."

"கெசியாவா, கேசியரா?" என்றார் சக்கரபாணி. சபை சிரித்தது. நானும்தான்.

இருதயமேரியின் முகம் சிவந்தது. ஆனால் உட்காரவில்லை.

"ஐயா இந்தப் புத்தகத்தைப் படிச்சதில்லீங்க. முப்பத்திரண்டாம் பக்கத்துக்கு மேல தாளு வெட்டாமயே இருந்துச்சு. நான்தான் வெட்டினேன். செக்ரட்டரி சாருக்குத் தெரியும். அவரைக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைவர் மட்டும் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஞாபகம் இல்லீங்க," என்றேன்.

இவ்வளவுதான். மூன்று வார்த்தை. யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயமில்லை. வக்கீலால் எனக்கு ஆக வேண்டிய காரியமும் கிடையாது. மேஜைக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. தலைவருக்கு வலது பக்கம். அதில் உட்கார எனக்குப் பிடித்திருந்தது. இதற்கு மேல் பெரிய காரணம் ஏதோ இருக்கும் என்று யாரும் தேட வேண்டாம். நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

அன்றைய குறிப்பில் எழுதினேன்: 'பெண் உறுப்பினர் ஒருவர் நூலில் இல்லாத பாத்திரம் குறித்துப் பேசினார். தலைவர் திருத்தினார். சபை நகைத்தது.'

சென்ற கூட்டத்தின் குறிப்பை அடுத்த கூட்டத்தில் வாசித்துச் சபையின் ஒப்புதல் வாங்குவது எங்கள் வழக்கம். மார்ச்சில் வாசித்தேன். இருதயமேரி எழுந்து, அந்த வரி தப்பு, அடிக்க வேண்டும் என்றார். புத்தகத்தை எடுங்கள், இப்போதே பக்கத்தைக் காட்டுகிறேன் என்றார். அவர் புத்தகத்தைத் திருப்பித் தந்து இரண்டு வாரமாகியிருந்தது. அலமாரியின் மேல்தட்டு காலி.

"பைண்டிங்குக்குக் குடுத்திருக்கேன்," என்றார் தலைவர். "அதுக்காக சபையோட வேலை நிக்க முடியுமா? ஓட்டுக்கு விட்டுடலாம். கெசியான்னு ஒரு பாத்திரம் இந்த நாவல்ல இல்லைங்கறவங்க கை தூக்குங்க."

இதை எழுதும்போதே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் சீமையில் எவனோ எழுதி, அச்சாகி, கப்பலேறி வந்த நாவலில் ஒரு பெண் இருக்கிறாளா இல்லையா என்று விழுப்புரத்தில் அரிசி மண்டி மாடியில் ஓட்டெடுப்பு! உலகத்தில் வேறு எங்காவது இந்தக் கூத்து நடந்திருக்குமா? ஒருத்தனாவது சிரிக்க வேண்டாமா? ஒருத்தரும் சிரிக்கவில்லை. ரொம்ப முறையாகக் கை தூக்கினார்கள். கைகளை எண்ணியது நான். இருபத்தாறு. என்னுடையதைச் சேர்த்து இருபத்தேழு.

"எதிர்த்து?"

இருதயமேரி கையைத் தூக்கினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல நேராக, உச்சத்துக்கு. எல்லோரும் பார்த்து முடிக்கும்வரை இறக்கவில்லை. பிறகு துணிப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அதற்கப்புறம் மன்றத்துக்கு வந்ததே இல்லை.

பேச்சுக்குக் கால் முளைக்க எவ்வளவு நேரமாகும்? சக்கரபாணியின் மைத்துனன் திண்டிவனத்தில் இருந்தான். ஒரு மாதத்துக்குள் அங்கே இருதயமேரிக்குக் 'கெசியா டீச்சர்' என்று பெயர். கடைத்தெருவில் யாராவது புளுகினால், 'கெசியா விடாதடா' என்றார்கள். பள்ளி நிர்வாகி கூப்பிட்டு விசாரித்தாராம். இங்கிலீஷ் புத்தகம் படித்ததாகச் சொல்லி இல்லாததைப் பேசினீர்களாமே, வாசகர் மன்றத்தில் தீர்மானமே போட்டிருக்கிறார்களாமே என்று. அந்த ஜூனில் ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷை அவரிடமிருந்து எடுத்து, புதிதாக வந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். டீச்சரம்மாவுக்கு ஒன்றாம் வகுப்பு, அ ஆ இ ஈ.

ஏப்ரலிலிருந்து எனக்கு மாதம் ஒரு போஸ்ட் கார்டு வர ஆரம்பித்தது. எல்லாவற்றிலும் ஒரே வாசகம். 'ஐயா, பிப்ரவரிக் கூட்டக் குறிப்பில் ஒரு வரி பொய். தங்களுக்குத் தெரியும். அடித்துவிடவும். இ. இருதயமேரி.' நலமா என்று கேட்கவில்லை. வகுப்பு போனதைச் சொல்லவில்லை. அதை நான் வேறு வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு வருஷம் வந்தது. ஒன்றுக்கும் நான் பதில் போடவில்லை. மேஜை இழுப்பறையில் போட்டு மூடினேன். ஒரு வரியை அடிக்க ஒரு சொட்டு மை போதும். அதற்கு எனக்குத் துப்பில்லை.

அறுபத்தாறில் வக்கீல் வெங்கடாசலம் தொழிலை விட்டுவிட்டு மகனோடு மதராஸ் போய்விட்டார். போகும்போது தம் புத்தகங்களையெல்லாம் மூட்டை கட்டி மன்றத்துக்கு அனுப்பினார். மூன்றாவது மூட்டையில், செய்தித்தாளில் சுற்றியபடி, அந்தப் பச்சை அட்டை இருந்தது. பைண்டிங்குக்குப் போன புத்தகம்! எட்டு வருஷம் அவர் வீட்டு பீரோவில் பத்திரமாகப் பைண்டாகியிருக்கிறது. திறந்தேன். கடைசிப் பக்கம் வரை ஓரங்கள் பிசிறில்லாமல் வெட்டியிருந்தன. நடுநடுவே அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் தாள், பொடி எழுத்தில் வார்த்தைகள், அர்த்தங்கள். புரட்டினேன். இருநூற்றுப் பதினாறாம் பக்கத்தில் கண்ணில் பட்டது. கெசியா.

அடுத்த ஞாயிறு புத்தகத்தையும் குறிப்பு நோட்டையும் எடுத்துக்கொண்டு திண்டிவனத்துக்குப் பாசஞ்சர் ஏறினேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. நல்ல காரியம் செய்யப் போகிறேன், டீச்சரம்மா கண் கலங்குவார், காபி கொடுப்பார் என்றெல்லாம் விக்கிரவாண்டி தாண்டும்போது நினைத்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் ராயப்பன் முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். யாரென்று தெரிந்துவிட்டது. வாங்க என்று சொல்லவில்லை. உள்ளே பார்த்து, "மேரி, கை தூக்கினவரு வந்துக்கிறாரு," என்றார்.

இருதயமேரி வந்தார். தலை பாதி நரைத்திருந்தது. நான் திண்ணைமேல் புத்தகத்தை வைத்தேன்.

"நீங்க சொன்னது சரிதான் டீச்சரம்மா. கெசியா இருக்கா. இருநூத்திப் பதினாறாம் பக்கம்."

"இருக்காளான்னு நான் உங்களைக் கேட்டனா?"

நோட்டைப் பிரித்து அந்த வரியைக் காட்டி, பேனாவைத் திறந்தேன். "இப்பவே உங்க கண்ணு முன்னாடி அடிச்சிடறேன்."

"இருங்க. கெசியா கடைசியில இன்னா ஆனா?"

நான் பேனாவை மூடினேன்.

"சொல்லுங்க சார். புத்தகம் உங்க கையில எத்தினி நாளா இருக்குது?"

"ஒரு வாரமா..."

"ஒரு வாரத்துல அவ பேரு இருக்குதான்னு தேடினீங்க. இருந்துச்சு. மூடிட்டு ரயில் ஏறிட்டீங்க. அதானே?" அவர் குரல் உயரவில்லை. "அன்னிக்கும் படிக்காம கை தூக்கினீங்க. இன்னிக்கும் படிக்காம அடிக்க வந்துக்கிறீங்க. இவ்ளோதானா சார் உங்க படிப்பு? என் வகுப்பைப் புடுங்கிட்டாங்க. ஒண்ணாம் கிளாஸ் பசங்கதான் இருக்காங்க எனக்கு, பரவால்ல, அதுங்களாச்சும் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுதுங்க!"

"தப்புதான் டீச்சரம்மா. அடிச்சிட்டு..."

"அடிக்காதீங்க. ரெண்டு வருசம் அடிங்க அடிங்கன்னு கெஞ்சினேன். இப்ப வேணாம். அடிச்சா அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு ஆயிடும். அது அப்படியே இருக்கட்டும். அதுக்குக் கீழ நான் சொல்றதை எழுதுங்க."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'மேற்கண்ட வரி பொய். கெசியா நூலில் உண்டு. அதை மறுத்துக் கை தூக்கிய இருபத்தேழு பேரில் எவரும் நூலைப் படிக்கவில்லை. பக்கங்கள் வெட்டப்படாமல் இருந்ததைச் செயலாளர் தம் கண்ணால் கண்டவர். கேட்டபோது ஞாபகம் இல்லை என்றார்.' கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். தேதியும் போடச் சொன்னார்.

"இப்ப புத்தகத்தை எடுத்துக்கினு போங்க. படிங்க. முடிச்சிட்டு வாங்க. அதுவரைக்கும் மன்னிப்பு கின்னிப்புன்னு இந்த வாசப்படி மிதிக்காதீங்க."

காபி கிடையாது. ராயப்பன் ஒரு கை மல்லாட்டையை அள்ளி என் பையில் போட்டார். அது இரக்கமா, சீக்கிரம் போய்த் தொலை என்பதா, எனக்குத் தெரியவில்லை.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று அந்தக் குறிப்பை வாசித்தேன். சக்கரபாணி அலுத்துக்கொண்டார். "எட்டு வருசத்துக் கதைய இன்னும் பேசிக்கினு இருக்கீங்களே, பேஜாரு!" என்றார். பள்ளி நிர்வாகியையும் போய்ப் பார்த்தேன். பழைய விஷயம், இனிமேல் மாற்றினால் நிர்வாகத்துக்கு நன்றாயிருக்காது என்றார். ஐந்தாம் வகுப்பு இருதயமேரிக்குத் திரும்பவில்லை. என் மூன்று வார்த்தை செய்ததை என் ஐந்து வரியால் மாற்ற முடியவில்லை.

நாவலை முடிக்க எனக்குப் பதினாறு மாதமானது. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன், ஹையர் கிரேடு டீச்சரைவிட இரண்டு மாதம் அதிகம். அதுவும் அவர் எழுதிவைத்த அர்த்தத் தாள்களின் தயவில். போன மாதம் திண்டிவனம் போனேன். வாசலில் நிறுத்தி அதே கேள்வியைக் கேட்டார். பதில் சொன்னேன். "உள்ள வாங்க," என்றார்.

கெசியா கடைசியில் என்ன ஆனாள் என்பதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இது இன்னொரு நான்-டீடெயில் ஆகிவிடும், நாளைக்கு இதை வைத்துக்கொண்டு நாலு பேர் கருத்துச் சொல்லக் கிளம்புவார்கள். தெரிந்தாக வேண்டும் என்கிறவர்கள் மன்றத்துக்கு வரலாம். புத்தகம் மேல்தட்டில்தான் இருக்கிறது. பக்கங்களெல்லாம் வெட்டியிருக்கின்றன. வெட்டியவர் இருதயமேரி.